தில்லி விழுந்த பின்னும் ஓயாத ஒரு மாவட்டம்: ஷாஹாபாத், 1857–58

பெங்களூரிலிருந்து சென்னை வழியாகத் தானாப்பூர் செல்லும் சங்கமித்ரா விரைவு ரயில் பக்சரைத் தாண்டியதும் பிகியா, ஆரா, கோயில்வர் என்ற ஊர்களைக் கடந்து சோன் ஆற்றின் நீண்ட இரும்புப் பாலத்தில் ஏறுகிறது. தமிழ்நாட்டில் கட்டட வேலைக்கும் பின்னலாடை ஆலைகளுக்கும் வருகிற போஜ்பூர் இளைஞர்கள் பலருக்குச் சொந்த ஊருக்கு இறங்கும் நிலையங்கள் இவைதாம். பணி நிமித்தமாகப் பாட்னாவுக்குப் பலமுறை சென்று வந்திருக்கும் எனக்கு, இந்தப் பாதையின் மண்மேடே ஒரு போர்க்களமாக இருந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிய வந்தது. பாலத்தின் வேலை 1856-இல் தொடங்கியது. மறு ஆண்டு வெடித்த கிளர்ச்சியால் தடைப்பட்டு 1862-இல்தான் முடிந்தது. தண்டவாளம் பதிக்கப்படாத அந்தக் கரையை ஒட்டி 1857 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும், கம்பெனியின் சீருடையைச் சில நாட்களுக்கு முன்புவரை அணிந்திருந்த சிப்பாய்களும் மோதிக்கொண்டார்கள்.

1857 என்றால் மீரட், தில்லி, கான்பூர், லக்னோ, ஜான்சி என்ற வரிசையில்தான் நாம் படித்திருக்கிறோம். தில்லி அந்த ஆண்டு செப்டம்பரிலேயே விழுந்துவிட்டது. லக்னோ 1858 மார்ச்சில் முழுதாகக் கம்பெனியின் கைக்கு வந்தது. இவற்றுக்குப் பின்னும், 1858 நவம்பர் வரை, பீகாரின் ஒரே ஒரு மாவட்டத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவர முடியாமல் ஆங்கிலேய அரசு ஆயிரக்கணக்கான துருப்புகளை வைத்துக்கொண்டு திணறியது. அந்த மாவட்டம் அன்றைய ஷாஹாபாத். பேரரசரும் இல்லாத, பெருங்கோட்டையும் இல்லாத ஒரு நிலப்பகுதி அத்தனை நாள் தாக்குப்பிடித்ததற்கு அதன் தலைவர் குன்வர் சிங்கின் வீரம் மட்டுமே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது, அங்கு வாழ்ந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்று நான் கருதுகிறேன்.

கங்கை, சோன், கர்மநாசா ஆகிய மூன்று ஆறுகளுக்கு இடையில், தெற்கே கைமூர் மலைகளால் அடைக்கப்பட்டுக் கிடக்கிறது இந்தப் பகுதி. இன்று அது போஜ்பூர், பக்சர், ரோத்தாஸ், கைமூர் என்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. கம்பெனியை வங்காளத்தின் அரசாக ஆக்கிய 1764 பக்சர் போரும் இந்த மண்ணில்தான் நடந்தது. அதன்பின் வங்காளப் படைக்கு ஆள் எடுக்கும் முக்கியமான நிலங்களில் ஒன்றாகப் போஜ்பூர் மாறியது. ராஜபுத்திர, பூமிகார், பிராமணக் குடும்பங்களில் ஒரு மகன் ஏர் பிடித்தால் இன்னொரு மகன் துப்பாக்கி பிடித்தான். சம்பளமும் ஓய்வூதியமும் கிராமத்துக்கு வந்தன. பசு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டா என்று படைமுகாமில் பரவிய அச்சமும், கிராமத்தில் நிலவரியாலும் ஏலத்தாலும் எழுந்த கசப்பும் ஒரே வீட்டின் முற்றத்தில் சந்தித்தன. கிளர்ச்சி செய்த சிப்பாய்க்கு வேறெங்கும் தில்லிக்குப் போ என்பது வழியாக இருந்தது; பாட்னாவை ஒட்டிய தானாப்பூரில் முகாமிட்டிருந்த சிப்பாய்க்கோ சோன் ஆற்றைத் தாண்டினால் வீடு.

ஜகதீஷ்பூர் ஜமீன்தார் பாபு குன்வர் சிங் உஜ்ஜைனிய ராஜபுத்திரக் குலத்தைச் சேர்ந்தவர். 1857-இல் அவருக்கு ஏறத்தாழ எண்பது வயது. பரந்த நிலமும் அதைவிடப் பெரிய மரியாதையும் இருந்தன; கூடவே கழுத்தை நெரிக்கும் கடனும் இருந்தது. வட்டிக்காரர்களும் வழக்குகளும் ஜமீனை விழுங்கிக்கொண்டிருந்தபோது அதன் நிர்வாகத்தை ஏற்றிருந்த அரசின் வருவாய் வாரியம், அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொள்ள முடிவெடுத்தது. பாட்னா கமிஷனராக இருந்த வில்லியம் டெய்லர், கிழவரின் விசுவாசத்தை நம்பி அவருக்காகப் பரிந்து எழுதியவர். அதே டெய்லர் ஜூலையில் அவரைப் பாட்னாவுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். உடல்நிலை சரியில்லை என்று குன்வர் சிங் மறுத்துவிட்டார். அந்த மறுப்பில் ஒரு நியாயமான முன்னெச்சரிக்கை இருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் டெய்லர், பாட்னாவின் வஹாபி என்னும் இஸ்லாமியச் சீர்திருத்த இயக்கத் தலைவர்களைக் கலந்து பேசலாம் என்று தம் வீட்டுக்கு அழைத்து, வந்த இடத்தில் கைது செய்திருந்தார். ஜூலை 3 அன்று நகரில் நடந்த எழுச்சியில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டதும், புத்தக வியாபாரியான பீர் அலி பிடிக்கப்பட்டு ஜூலை 7 அன்று தூக்கிலிடப்பட்டார். பாட்னாவுக்குப் போன பெரிய மனிதர்கள் திரும்பி வருவதில்லை என்பதைக் கிழவர் அறிந்திருந்தார்.

மேற்கிலிருந்தும் செய்திகள் வந்துகொண்டிருந்தன. ஜூன் தொடக்கத்தில் காசிக்கு வந்து சேர்ந்த கர்னல் நீல், அங்கும் அலகாபாத்திலும் நடத்திய கொடுமைகள் கங்கைக்கரை முழுவதும் பேச்சாக இருந்தன. நீல் அழைத்து வந்தது சென்னைப் படையைச் சேர்ந்த மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் என்னும் ஐரோப்பியப் படைப்பிரிவு. அந்த நீலுக்குத்தான் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை எழுப்பப்பட்டது. அதை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி அரசு அமைந்த பிறகே சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது. நம் ஊர்ச் சாலையில் அத்தனை ஆண்டுகள் நின்றவர், போஜ்பூரின் அண்டை மாவட்டங்களில் என்ன செய்தார் என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஜூலை 25 அன்று தானாப்பூரில் ஜெனரல் லாயிட், சிப்பாய்களை முழுதாக நிராயுதபாணியாக்கத் துணியாமல், துப்பாக்கிகளுக்கான வெடிமூடிகளை மட்டும் கிடங்கிலிருந்து எடுத்துவிட உத்தரவிட்டார். மதியம், பைகளில் இருக்கும் மூடிகளையும் ஒப்படைக்கச் சொன்னார். அவமானமும் அச்சமும் ஒன்றுசேர, 7, 8, 40 ஆகிய எண்களைக் கொண்ட மூன்று காலாட்படைப் பிரிவுகளும் எழுந்தன. வயது முதிர்ந்த ஜெனரல் அந்த நேரத்தில் ஆற்றில் நீராவிப் படகில் இருந்தார். சிப்பாய்கள் சோனைக் கடந்து, 27 அன்று மாவட்டத் தலைநகரான ஆராவுக்குள் நுழைந்து, சிறையைத் திறந்து, கருவூலத்தைக் கைப்பற்றினார்கள். குன்வர் சிங் அவர்களுடைய தலைவரானார். அவர் முன்பே திட்டமிட்டாரா, சூழ்நிலை தள்ளியதா என்று வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கிறார்கள். என் வரையில், கடனும் அவமதிப்பும் ஒருவரை விளிம்புவரை கொண்டுபோகலாம். மூன்று ரெஜிமெண்டுகள் ஒரு கிழவரைத் தேடி வந்து தலைமை ஏற்கச் சொன்னதற்கு, அவர்களுடைய தகப்பன்மாருக்கும் அந்தக் கிழவருக்கும் இடையே இருந்த தலைமுறை உறவுதான் காரணம்.

ஆராவில் மகாராஜா கல்லூரி வளாகத்துக்குள் ஒரு சின்னஞ்சிறு மாடிக் கட்டடம் இன்றும் நிற்கிறது. தட்டையான மேற்கூரையும் வளைவுகள் கொண்ட தாழ்வாரமும் உடைய அதைப் பார்ப்பவர்கள், பேரரசு தன் புகழுக்காக ஆண்டுக்கணக்கில் கொண்டாடிய முற்றுகை இங்கேயா நடந்தது என்று வியப்பார்கள். ரயில்வே பொறியாளர் விகார்ஸ் பாயில் பில்லியர்ட்ஸ் ஆடுவதற்காகத் தம் பங்களாவின் பக்கத்தில் கட்டிய வீடு அது. ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்த அவர், தாழ்வாரத்து வளைவுகளைச் செங்கல் வைத்து அடைத்து, தானியமும் தோட்டாவும் சேர்த்து வைத்திருந்தார். ஐரோப்பியர்களை உள்ளிட்ட சிவிலியர்கள் பதினெட்டுப் பேரும், சீக்கியக் காவற்படையினர் ஐம்பது பேரும் அதற்குள் புகுந்துகொள்ள, வெளியே ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்தார்கள். சுவரைத் துளைக்கும் பெரிய பீரங்கி வெளியே இருந்தவர்களிடம் இல்லை. கிடைத்த இரண்டு சிறு பீரங்கிகளில், குண்டு தீர்ந்ததும், மேசை நாற்காலிகளின் கால்களில் இருந்த பித்தளைச் சக்கரங்களை அடைத்துச் சுட்டார்கள். காற்று வீசும் பக்கம் பார்த்து மிளகாயைக் குவித்து எரித்துக் காரப்புகையால் உள்ளே இருப்பவர்களை வெளியேற்ற முயன்றார்கள். சுரங்கம் தோண்டினார்கள். கட்சி மாறினால் பணம் தருவதாகச் சீக்கியர்களிடம் இரவில் குரல் கொடுத்தார்கள், அவர்கள் மாறவில்லை. தண்ணீர் தீர்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் தரையைத் தோண்டிக் கிணறு இறக்கினார்கள். மாஜிஸ்திரேட் ஹெர்வால்ட் வேக், என்ன நடந்தது என்பதைச் சுவரிலேயே எழுதி வைத்தார்.

மீட்கப் புறப்பட்ட முதல் படையின் கதி வேறாக இருந்தது. தானாப்பூரிலிருந்து கேப்டன் டன்பார் தலைமையில் நானூற்றுச் சொச்சம் பேர் நீராவிப் படகில் வந்திறங்கி, ஜூலை 29 இரவு, முன்னால் வேவு பார்க்க ஆள் அனுப்பாமல் ஆராவை நோக்கி நடந்தார்கள். ஊருக்கு வெளியே மாந்தோப்பில் மறைந்திருந்த சிப்பாய்கள் இருளில் சுட்டார்கள். வெள்ளை உடையில் இருந்தவர்கள் எளிய இலக்கானார்கள். டன்பார் முதலிலேயே இறந்தார். விடிந்ததும் பின்வாங்கிய படை, படகுகளை எட்டும் முன் செத்தவரும் காயம்பட்டவருமாகப் பாதிக்கு மேல் இழந்திருந்தது. இந்தப் பின்வாங்கலில் சக வீரர்களைக் காப்பாற்றியதற்காக இரண்டு சிவிலியன்களுக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். அந்தத் தோப்பில் பதுங்கியவர்களோடு சுற்றுக் கிராமத்து மக்களும் சேர்ந்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிலவு எப்போது மறையும், பாதை எங்கே குறுகும் என்பதை அறிய அவர்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

அந்த ஒரு வாரத்தில் ஆராவில் ஒரு மாற்று நிர்வாகமும் அமைந்தது. குலாம் யஹ்யா என்பவர் மாஜிஸ்திரேட்டாக நியமிக்கப்பட்டார். நகரின் முஸ்லிம் பெரியவர்கள் பலர் காவல் பொறுப்புகளை ஏற்றார்கள். அரசு அலுவலகங்களின் காகிதங்கள் தீக்கிரையானபோது, கலெக்டர் கச்சேரியின் நிலவரிப் பதிவேடுகளை மட்டும் குன்வர் சிங் காப்பாற்றினார் என்பது ஆங்கிலேய அதிகாரிகளே பதிந்து வைத்த செய்தி. ஆங்கிலேயரைத் துரத்திய பிறகு யாருக்கு எந்த நிலம், யாரிடம் எவ்வளவு வரி என்பதற்கு வேறு சான்று இராது என்பது அவர் காட்டிய காரணம். இந்தச் சிறு செய்தியில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். வட இந்தியாவின் பல ஊர்களில் கிளர்ச்சியாளர்கள் கணக்குப் புத்தகங்களைத்தான் முதலில் கொளுத்தினார்கள், ஏனென்றால் அவர்களுடைய அடிமைத்தனம் அந்தக் காகிதங்களில்தான் எழுதப்பட்டிருந்தது. ஆராவின் தலைவர் நாளைய ஆட்சியைப் பற்றி யோசித்தார். அது நிலவரி வாங்கும் ஆட்சியாகவே இருந்திருக்கும். நிலமில்லாதவர்களுக்கு அதில் என்ன கிடைத்திருக்கும் என்ற கேள்வியை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில், கொள்ளையடித்துவிட்டு ஓடும் எண்ணம் உள்ளவர் பதிவேடுகளைப் பத்திரப்படுத்துவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பக்சர் பக்கமிருந்து மேஜர் வின்சென்ட் அயர் என்ற பீரங்கிப்படை அதிகாரி, மேலிட உத்தரவுக்குக் காத்திராமல், சுமார் இருநூறு பேரையும் மூன்று பீரங்கிகளையும் கொண்டு வந்தார். பீபிகஞ்சில் ஆற்றுப் பாலத்தைக் கிளர்ச்சியாளர்கள் உடைத்து வைத்திருந்ததால், கட்டப்பட்டுக்கொண்டிருந்த ரயில் கரை வழியாக மறுபக்கம் போக முயன்றார். அந்தக் கரையருகே நடந்த சண்டையில் பீரங்கியும் துப்பாக்கி முனை ஈட்டியும் வென்றன. ஆகஸ்ட் 3 அன்று ஆரா முற்றுகை விலகியது. 12 அன்று ஜகதீஷ்பூர் வீழ்ந்தது. அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்த அயர், குன்வர் சிங் பெரும் பொருள் செலவழித்துக் கட்டியிருந்த கோயிலையும் இடித்தார்.

இங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் எண்பது வயதுக்காரர் சசாராம், ரோத்தாஸ் மலைகள் வழியாக வெளியேறி, மிர்சாப்பூர், ரேவா, பாந்தா, கால்ப்பி என்று விந்திய மலையடிவாரத்தைச் சுற்றி, கான்பூர்ச் சண்டையில் கலந்து, லக்னோவை அடைந்தார். அங்கே கிளர்ச்சியாளர்கள் அமைத்திருந்த அவத் அரசு அவருக்கு மரியாதை செய்து ஆஸம்கட்டை ஒப்படைத்தது. ஆங்கிலேயப் படைகள் அனைத்தும் லக்னோவின் மேல் குவிந்திருந்த நேரம் பார்த்து, 1858 மார்ச்சில் அவர் கிழக்கே ஆஸம்கட்டின் மேல் பாய்ந்தார். மார்ச் 22 அன்று அத்ரௌலியாவில் கர்னல் மில்மனின் படை ஒரு சிறு வெற்றிக்குப் பிறகு காலை உணவு சமைத்துக்கொண்டிருந்தபோது அதைத் தாக்கி விரட்டினார். மில்மனிடம் இருந்த குதிரைவீரர்கள் அறுபது பேர் நான்காவது மெட்ராஸ் குதிரைப்படையைச் சேர்ந்தவர்கள். 1857-இல் தெற்கு அமைதியாக இருந்தது என்று பெருமையாகவோ குறையாகவோ சொல்கிறோம். சென்னைப் படையின் வீரர்கள் அந்தக் கிளர்ச்சியை அடக்கும் பக்கத்தில் ஆஸம்கட் மண்ணில் நின்றார்கள் என்பது அரிதாகவே சொல்லப்படுகிறது.

ஆஸம்கட் சில வாரங்கள் அவர் கையில் இருந்தது. ஏப்ரல் நடுவில் ஆங்கிலேயத் தளபதி லுகார்டின் பெரும்படை வந்ததும், டோன்ஸ் ஆற்றுப் பாலத்தில் ஒரு பகுதியினரை நிறுத்தித் தாமதப்படுத்திவிட்டு, மற்றவர்களுடன் சொந்த ஊரை நோக்கிப் புறப்பட்டார். பின்னால் பிரிகேடியர் டக்ளஸ் துரத்தினார், முன்னால் கங்கை. பல்லியா அருகே யானைகளின் மேல் ஆற்றைக் கடக்கப்போவதாக வதந்தியைப் பரப்பி, காவலர்கள் அங்கே காத்திருக்க, சில மைல் தள்ளிச் சிவ்பூர் துறையில் ஒளித்து வைத்திருந்த படகுகளில் ஏப்ரல் 21 அன்று படையைக் கடத்தினார். கடைசிப் படகுகளை எட்டிய டக்ளஸின் ஆட்கள் சுட்டதில் அவர் கையில் காயம்பட்டது. குண்டு பட்ட கையை அவரே வாளால் வெட்டிக் கங்கை அன்னைக்குக் காணிக்கையாக்கினார் என்பது போஜ்பூர் மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் கதை. ஏப்ரல் 23 அன்று ஆராவிலிருந்து கேப்டன் லெ கிராண்ட் கொண்டுவந்த படை ஜகதீஷ்பூர்க் காட்டின் விளிம்பில் சிதறடிக்கப்பட்டது. லெ கிராண்டும் இறந்தார், வெயில் தாக்கிச் செத்தவர்களும் ஏராளம். சில நாட்களுக்குள் குன்வர் சிங் தம் இடிந்த மாளிகை இருந்த ஊரில், தம் கொடியின் கீழ், கண் மூடினார். பீகார் இன்றும் ஏப்ரல் 23-ஐ அவருடைய வெற்றிநாளாகக் கொண்டாடுகிறது.

தலைவர் இறந்தார், ஆனால் போர் இன்னும் ஏழு மாதம் நீண்டது. அவருடைய தம்பி அமர் சிங்கும் தளபதி ஹரே கிருஷ்ண சிங்கும் படையைச் சிறு கூட்டங்களாகப் பிரித்தார்கள். கம்பெனிப் படையின் பதவிப் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வழக்கு விசாரித்தார்கள், சிறை வைத்தார்கள், ஆங்கிலேய அதிகாரிகளின் தலைக்கு விலை அறிவித்தார்கள். ரயில் வேலைத்தளங்களையும் அவுரி ஆலைகளையும் தாக்கிவிட்டுக் காட்டுக்குள் மறைந்தார்கள். லுகார்ட் காட்டைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டிப் பாதை போட்டுப் பார்த்தார். 1801-இல் மருது சகோதரர்களின் காளையார்கோயிலை எட்டுவதற்குக் கர்னல் அக்னியூ வாரக்கணக்கில் காடு வெட்டியது நமக்கு நினைவு வரும். லுகார்ட் உடல்நலம் குன்றி விலக, டக்ளஸ் பொறுப்பேற்றார். அக்டோபரில் ஏழு அணிகளாகச் சுற்றி வளைத்தும், வேகமாகச் செல்லும் குதிரைகளில் புதிய என்ஃபீல்டு துப்பாக்கி ஏந்தியவர்களை ஏற்றித் துரத்தியும்தான் அமர் சிங்கைக் கைமூர் மலைக்குத் தள்ள முடிந்தது. இந்தியாவில் கம்பெனி ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி வந்துவிட்டது என்று 1858 நவம்பர் 1 அன்று பிரகடனம் வாசிக்கப்பட்டபோதும் அந்த மலைகளில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அமர் சிங் பின்னர் நேபாளத் தராய்ப் பகுதியில் பிடிபட்டு, விசாரணை முடியும் முன்பே 1860 பிப்ரவரியில் கோரக்பூர்ச் சிறையில் இறந்தார். ஹரே கிருஷ்ண சிங் தூக்கிலிடப்பட்டார்.

தண்டனை மனிதர்களோடு நிற்கவில்லை. பறிமுதல் செய்யப்பட்ட ஜகதீஷ்பூர் நிலமும் காடும், ரயில் ஒப்பந்தக்காரர்களாக வந்த ஆங்கிலேய நிறுவனத்தாரிடம் போயின. காட்டை அழித்து வயலாக்குவது ஒப்பந்தத்தின் நோக்கம். அவர்களில் தாம்சன், மில்ன் என்ற இருவர் பிகியாவில் தங்கி, கரும்பு பிழியும் இரும்பு உருளை ஆலை ஒன்றை உருவாக்கினார்கள். பிகியா ஆலை என்ற பெயரில் அது வட இந்தியக் கிராமங்களெங்கும் பரவியது. மாட்டைப் பூட்டிச் சுற்றும் எளிய கருவிதான், உழவருக்குப் பயன்பட்டதும் உண்மைதான். அமர் சிங்கின் ஆட்கள் ஒளிந்திருந்த மரங்களின் இடத்தில் விளைந்த கரும்பை அது பிழிந்தது என்பதும் உண்மை. ராணுவம் போஜ்பூரை நம்புவதை நிறுத்தி, பஞ்சாபிலும் நேபாளத்திலும் ஆள் எடுக்கத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டாகச் சிப்பாய்ச் சம்பளத்தில் தலை நிமிர்ந்த வீடுகளுக்கு அந்த வாசல் குறுகியது. ஏற்கெனவே தொடங்கியிருந்த கடல்கடந்த ஒப்பந்தக் கூலிப் பயணம் அதன்பின் பெருகியது. மொரீஷியஸ், டெமராரா, டிரினிடாட் கப்பல்களில் ஏறியவர்களில் ஷாஹாபாத்தைச் சேர்ந்தவர்கள் கணிசமானவர்கள். கிளர்ச்சியின் தோல்வி மட்டும்தான் அவர்களைக் கப்பலேற்றியது என்று சொல்ல முடியாது, பஞ்சமும் நில நெருக்கடியும் சேர்ந்தே தள்ளின. ஆனால் வெளியூர்ச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த ஒரு சமூகம், படைமுகாமின் கதவு சாத்தப்பட்டதும் வேறு கதவைத் தேடியது இயல்பு.

இன்று குன்வர் சிங்கின் பெயரைச் சொல்லும் பேரணிகளில் சில, அவரை ஒரு சாதியின் நாயகராகச் சுருக்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவருடைய ஆராவில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர் குலாம் யஹ்யா. அவருக்கு முன்பே பாட்னாவில் தூக்குமேடை ஏறியவர் புத்தகக் கடை வைத்திருந்த பீர் அலி. டன்பாரின் படையை மாந்தோப்பில் எதிர்கொண்டவர்களிலும், கங்கைத்துறையில் இரவெல்லாம் படகு ஓட்டியவர்களிலும், ஏழு மாதம் அமர் சிங்கின் ஆட்களுக்குக் காட்டுக்குள் சோறு கொண்டுபோனவர்களிலும் பெரும்பாலோரின் பெயரை எந்த அறிக்கையும் எழுதி வைக்கவில்லை. ஆங்கிலேய அதிகாரிகள் ஒவ்வொரு கடிதத்திலும் திரும்பத் திரும்ப முறையிட்டது இவர்களைப் பற்றித்தான்: எவ்வளவு பணம் காட்டினாலும் இந்த மாவட்டத்தில் யாரும் துப்புச் சொல்ல முன்வருவதில்லை என்று.